எண்ணெய்த் தலையும் பர்மா தேக்கும்

நம் நாட்டில் ஒரு பழைய பொருளுக்குச் சட்டப்படி மரியாதை கிடைக்க நூறு வயது ஆக வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மதிப்புள்ள ஏட்டுச்சுவடி, ஆவணம் என்றால் 75 போதும். எனக்கு 58. ஆகவே இன்னும் 42 வருஷத்துக்கு நான் வெறும் பழைய சாமான்தான். நூறு கடந்த பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது என்றும் அதில் இருக்கிறது. அதற்குள் என்னை அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டில் ஓர் அவசரம் தெரிகிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குள் நுழைந்தால் என் பர்ஸ் தன்னால் திறந்துகொள்ளும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பங்கு பிரிந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இடிபடும்போது, பர்மா தேக்கு நிலைக்கதவு முதல் ஊறுகாய் ஜாடிவரை அந்தக் கடைகளுக்கு வந்து சேரும். போன தடவை ஸ்வீடன் எனாமல் தூக்கு ஒன்று வாங்கினேன். எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடிதான். அடிபட்டால் சில்லு பெயரும், பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். என் தூக்கில் நாலு இடம் அப்படி. கடைக்காரர் அந்தத் துருவை விரலால் தடவி, “இதுதான் சார் இதுக்கு அழகே” என்றார். அந்த அழகுக்குத் தனியாகக் காசும் வாங்கினார். கூடவே ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி ஒன்று, ஓடாத சுவர்க்கடிகாரம் ஒன்று.

மூளிப் பாத்திரம், மங்கின கண்ணாடி, நின்ற கடிகாரம் மூன்றும் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சாஸ்திரம். மூன்றையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். “மூஞ்சி தெரியாத கண்ணாடி, மணி காட்டாத கடிகாரம், தண்ணி நிக்காத தூக்கு. இதுக்கு வண்டி வாடகை வேற” என்றாள் மனைவி. கண்ணாடி விஷயத்தில் மட்டும் அவள் சொல்வது சரியில்லை. ரசம் போன இடமாகப் பார்த்து முகத்தை வைத்தால் எனக்குப் பத்து வயது குறைகிறது.

ஹாலில் பித்தளை அண்டா ஒன்றில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டிருக்கிறேன். ஊரிலிருந்து வந்த மாமியார் அதைச் சுற்றி வந்து பார்த்தார். “இதே மாதிரி அண்டாவை எடைக்குப் போட்டுத்தான் மாப்பிள்ளை அந்தக் காலத்துல ரெண்டு எவர்சில்வர் டப்பா வாங்கினேன். மாட்டுக்குக் கழுநீர் வெச்ச அண்டா” என்றார். விலையைச் சொன்னேன். அன்று முழுவதும் அவர் யாரிடமும் பேசவில்லை. பித்தளையைத் தள்ளிவிட்டு எவர்சில்வருக்கு மாறிய தலைமுறை அது. தள்ளிய சாமானைத் திரும்ப வாங்கிச் சேர்ப்பதற்கென்றே வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை பிறந்திருக்கிறான். அண்டாவின்மேல் பல வருஷமாகப் படிந்திருந்த கருமையை வேலைக்கு வரும் அம்மா ஒருநாள் புளி போட்டுத் தேய்த்துப் பத்து நிமிஷத்தில் போக்கிவிட்டார். புளிக்காடிக்கு அருமை தெரியாது. “எவ்ளோ அழுக்கு சார்!” என்று பெருமையாக வேறு காட்டினார்.

எது நிஜமான பழசு, எது போன மாசம் பழசாக்கியது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கை எங்கே படுமோ அங்கேதான் தேய்ந்திருக்க வேண்டும். சாய்வு நாற்காலியென்றால் கைப்பிடியின் நுனி. கதவென்றால் தாழ்ப்பாளைச் சுற்றி ஒரு சாண். பல்லாங்குழியென்றால் விரல்கள் சோழி அள்ளிய குழிகளின் விளிம்பு. மரப்பாச்சிக்கு மூக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த போலிச் சாமான் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். யாரும் ஒரு நாற்காலியை அத்தனை நியாயமாக உபயோகிப்பதில்லை.

இந்த அளவுகோலின்படி எங்கள் வீட்டிலேயே உயர்ந்த சரக்கு நான் உட்காரும் இடம்தான். சோபாவில் என் அளவுக்கு ஒரு குழி. அதற்கு நேர் மேலே சுவரில், தலை சாய்ந்து சாய்ந்து உண்டான எண்ணெய்ப் பளபளப்பு. எல்லாம் சொந்தத் தேங்காயெண்ணெய், போலியே கிடையாது. செட்டிநாட்டு வீட்டுத் தூணில் இதே பளபளப்பைப் பார்த்தபோது, “எத்தனை தலைமுறை சாஞ்சிருக்கும்!” என்று தடவித் தடவிப் படம் எடுத்தவள் என் மனைவி. என் சுவருக்கு மட்டும் பெயிண்டரை வரவழைத்தாள்.

அவர் கறையை மோந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். அனுபவசாலி என்று உடனே தெரிந்தது.

“எண்ணெய் உள்ள எறங்கிடுச்சும்மா. மேல பெயிண்ட் நிக்காது. கொத்திட்டுப் பூசணும். இல்லன்னா எத்தனை கோட் அடிச்சாலும் வெயில் காலத்துல மறுபடி வந்துடும்.”

“இதுக்கு என்னதான் வழி?” என்றாள் மனைவி.

பெயிண்டர் சுவரை விட்டுவிட்டு என் தலையைப் பார்த்தார்.