ஹெஹேத்தன்: டச்சு மொழியில் உண்டு முடித்தமை குறித்த ஓர் ஆராய்ச்சி

டச்சு மொழியில் ‘உண்’ எனப் பொருள்படும் வினை ஏத்தன். இதன் இறந்தகாலம், உண்டது எதுவென்று கேளாது. உண்டவர் எத்தனை பேர் என்றே கேட்கும். ஒருவர் உண்டால் அத். பலர் உண்டால் ஆத்தன். தனியே உண்கையில் குறிலாய் நின்ற அகரம் பந்தி கூடியதும் நெடிலாகிறது. பந்தியில் வாய் அகலத் திறப்பதே இதற்குக் காரணம் என்பது வழு. பன்மை வடிவின் உயிர் பழங்காலம் முதலே நெடில் என்பதே சரி, சுவைதான் குறைவு.

முன்னிலையில் ‘நீர்’ உண்டால் ஆத். பழைய நூல்களில் உண்டு.

இவ்வினை வலிய வினைகளுள் ஐந்தாம் வகுப்பு. விகுதியை நாடாமல் தன் உயிரையே மாற்றிக் காலம் காட்டுவன வலியவை. விகுதியின் கைப்பிடித்து நடப்பன மெலியவை. இப்பெயர்களை இட்டவர் யாக்கோப் கிரிம். மெலியவையே மிகப் பெரும்பான்மை. புதிதாய்ப் பிறக்கும் வினைகளும் அந்தக் கட்சியிலேயே சேர்கின்றன. ஆயினும் பெயர் மாறவில்லை. இலக்கணத்தில் வாக்கெடுப்பு கிடையாது.

இனி எச்சம். வினை முடிந்ததைக் காட்ட டச்சு மொழி முன்னே ‘ஹெ’ சேர்க்கும். ஹெயும் ஏத்தனும் புணர்ந்து இடைக்கால டச்சில் ஹேத்தன் ஆயின. அதாவது, உண்ணும் வினை தன் முன்னொட்டையே உண்டுவிட்டது. உண்ட தடம் தெரியாமல் போகவே, பேசுவோர் இன்னொரு ஹெயைப் பரிமாறினர், ஹெஹேத்தன் பிறந்தது. இதைத் தற்செயல் என்பாரும் உளர். அவர்கள் ஃப்ரேத்தன் என்னும் வினையை நோக்குக. விலங்கு தின்பதையும், மனிதர் விலங்காய்த் தின்பதையும் குறிக்கும் இது, ஏத்தனோடு வேறொரு பழைய முன்னொட்டு சேர்ந்து உண்டானது. அந்த முன்னொட்டின் உயிரும் விழுங்கப்பட்டது. எச்சமோ ஹெஃப்ரேத்தன். ஒருமுறை நடந்தால் ஒலிமாற்றம். இருமுறை நடந்தால் பசி.

இச்சொற்களும் இடம்பெறும் டச்சுப் பேரகராதி 1864 முதல் 1998 வரை வெளிவந்தது. முதற்பகுதியைத் தொகுத்தோர் எவரும் கடைசிப் பகுதியைக் காணவில்லை. அவர்களைப் பொறுத்தவரை இறந்தகாலம் ஆராய்ச்சிப் பொருள் மட்டுமன்று.

வழக்கு: கதை சொல்கையில் அத் வரும். பேச்சில் பெரும்பாலும் ‘உடையேன்’ என்னும் துணைவினையோடு ஹெஹேத்தன் வரும். உண்டபின்னும் உடைமை நீங்காது போலும்.

புறனடை: உண்ணாதவருக்கும் இதே எச்சம்தான், முன்னே ‘நீத்’ என்னும் எதிர்மறைச் சொல் சேரும். பட்டினி கிடந்தவருக்கும் ஹெ இரண்டு.