அலாஸ்காவில் யார் கில்லாடி?

கேள்வி: அலாஸ்கா குளிரைத் தாங்குவதில் கெட்டிக்காரர் யார்? சிக்கடிக் குருவியா, ஆர்க்டிக் தரை அணிலா?

பதில்: குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற அணிலைப் போட்டியில் சேர்க்கலாமா என்று தோன்றும். தாராளமாகச் சேர்க்கலாம். அந்தத் தூக்கமே ஒரு சாதனை!

வளைக்குள் ஏழெட்டு மாதம் சுருண்டு கிடக்கும் அணிலின் உடல் வெப்பம் மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்குகிறது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் பிரையன் பார்ன்ஸ் 1989-இல் இதை அளந்து வெளியிட்டார். இருந்தும் ரத்தம் உறைவதில்லை. இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொழுப்பை எரித்து, நடுநடுங்கி, உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். ஒரு நாள்கூட ஆகாது, மறுபடி தூக்கம்.

சிக்கடிக்கு அந்த வசதி ஏது? எடையே 10, 12 கிராம்தான். பகலில் தின்று சேர்த்த கொழுப்பை, மரப்பொந்தில் இரவெல்லாம் நடுங்கியே செலவழிக்கிறது. சிக்கனத்துக்காக உடல் வெப்பத்தையும் பத்து டிகிரி அளவுக்குக் குறைத்துக்கொள்கிறது. விடிந்ததும் கஜானா காலி! இலையுதிர் காலத்தில் பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்த விதைகள்தான் கைகொடுக்கும். ஒளித்த இடம் நாலு வாரம் கழித்தும் அதற்கு நினைவிருக்கும்.

உடல் அற்புதத்துக்கு அணில், துணிச்சலுக்குக் குருவி. ஒரே பரிசுதான் என்றால் குருவிக்கே. ஒவ்வொரு நாளும் பரீட்சை எழுதுவது அதுதானே!