மைக்கறை மகாத்மியம்

காகிதத்தில் மையைக் கொட்டி, இரண்டாக மடித்து, பிரித்துப் பார்த்து 'ஐ, வௌவால்!' என்று குதிக்கும் வேலையைக் கண்டுபிடித்தவர் ஹெர்மன் ரோர்ஷாக் இல்லை. அவருக்கு முன்பே ஜெர்மனியில் யூஸ்டினுஸ் கெர்னர் என்று ஒரு டாக்டர் இருந்தார். கவிஞரும்கூட. வயதான காலத்தில் பார்வை மங்கி, எழுதும்போது தாளில் மை சொட்டிவிடும். வேறு யாராயிருந்தாலும் கசக்கி எறிந்திருப்பார்கள். கவிஞராயிற்றே, மடித்துப் பார்த்தார். பேயும் பிசாசும் பூச்சியும் தெரிந்தன. அவற்றுக்குப் பாட்டு எழுதினார். அவர் போய்ச்சேர்ந்து 28 வருஷம் கழித்து, 1890இல், அது புத்தகமாகவும் வந்தது. மைக்கறையில் பேய் தெரிந்தால் நோய் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, இலக்கியம் என்றுதான் சொன்னார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஃபீஸில்தான்.

நம் கதாநாயகர் ரோர்ஷாக் 1884இல் சூரிக்கில் பிறந்தார். அப்பா டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் வைத்த பட்டப்பெயர் 'கிளெக்ஸ்', அதாவது மைக்கறை. விதி சில பேருக்கு இவ்வளவு அப்பட்டமாகவா எழுதிவைக்கும்! ஓவியனாவதா, விஞ்ஞானம் படிப்பதா என்று குழம்பி, ஜெர்மனியின் பெரிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஹேக்கலுக்கே கடிதம் போட்டார் பையன். விஞ்ஞானியிடம் கேட்டால் என்ன சொல்வார்? 'விஞ்ஞானம் படி' என்றார்.

படித்து மனநல டாக்டரானார். ஏரிக்கரையில் மியூன்ஸ்டர்லிங்கன் என்ற ஊரில் ஆஸ்பத்திரி வேலை. ஆள் பார்க்க சினிமா ஹீரோ மாதிரி இருப்பார். வார்டில் நாடகம் போட்டார், நிழல்பொம்மை செய்தார், நோயாளிகளைக் குஷிப்படுத்த ஒரு குரங்கைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். குரங்கின் பெயர் ஃபிப்ஸி. மனநல மருத்துவ வரலாற்றில் யாரையும் 'இது என்ன நோய்' என்று முத்திரை குத்தாத ஒரே ஊழியர் ஃபிப்ஸிதான் என்பது என் தாழ்மையான கருத்து.

1915இல் ஹெரிசாவ் என்ற ஊருக்கு மாற்றல். இரண்டு வருஷம் கழித்து சிமோன் ஹென்ஸ் என்ற மாணவர் ஓர் ஆய்வேட்டை வெளியிட்டார். எட்டு மைக்கறைகளை ஆயிரம் குழந்தைகளுக்கும், நூறு பெரியவர்களுக்கும், நூறு நோயாளிகளுக்கும் காட்டி, யாருக்கு என்ன தெரிந்தது என்று பட்டியல் போட்டிருந்தார். ரோர்ஷாக்குக்குப் பொறி தட்டியது. என்ன தெரிகிறது என்பது கிடக்கட்டும், எப்படித் தெரிகிறது? முழுப்படத்தையும் சேர்த்துப் பார்க்கிறானா, மூலையில் ஒரு துணுக்கைப் பிடித்துக்கொள்கிறானா? வடிவத்தைப் பார்க்கிறானா, நிறத்தையா? படத்தில் இருப்பவர்கள் அவனுக்கு அசைகிறார்களா? இந்தக் கேள்விதான் ரோர்ஷாக்கின் நிஜமான சாதனை.

இன்னொன்று. படங்கள் தானாகக் கொட்டியவை என்றுதான் உலகம் நம்புகிறது. கொட்டியதோடு நிற்க அவர் டிராயிங் மாஸ்டர் மகன் அல்லவா? உட்கார்ந்து, தீட்டி, திருத்தி, தற்செயல் மாதிரி தெரியும்படி வரைந்தவை அவை. ஐந்து கறுப்பில், இரண்டு கறுப்பும் சிவப்புமாக, மூன்று பல வண்ணங்களில். கையில் கொடுத்து 'இது என்னவாக இருக்கலாம்?' என்று கேட்பார், அவ்வளவுதான். 405 பேருக்குக் காட்டினார். அதில் 117 பேர் நல்லபடியாக இருந்தவர்கள்.

பிறகு ஆரம்பித்தது புத்தகம் போடும் கஷ்டகாலம். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம்தான். பதிப்பாளர் ஒவ்வொருவராகக் கைவிரித்தார்கள். கடைசியில் பெர்னில் எர்ன்ஸ்ட் பிர்ச்சர் ஒப்புக்கொண்டார், பத்துப் படத்துக்கு மேல் முடியாது என்ற நிபந்தனையோடு. 1921இல் படங்கள் அச்சாகி வந்தன. ரோர்ஷாக் பார்த்தார். அளவு சுருங்கியிருந்தது. நிறம் மாறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அவர் ஒரே சீராகப் பூசியிருந்த கறுப்பு, பிரஸ்காரன் கைங்கரியத்தில் திட்டுத்திட்டாக, இங்கே அடர்த்தியும் அங்கே வெளிறலுமாக, புகை படிந்த சுவர்போல வந்திருந்தது.

வேறொரு ஆசிரியராக இருந்தால் பிரஸ் வாசலில் போய்க் கத்தியிருப்பார். இவர் உற்றுப் பார்த்துவிட்டு, 'அடடே, இதிலும் ஏதோ இருக்கிறதே!' என்றாராம். அந்தத் திட்டுகளைப் பற்றி யோசிக்கவும் தொடங்கினார். யோசித்து முடிக்க நேரம் கிடைக்கவில்லை. புத்தகமும் விற்கவில்லை. 1922 ஏப்ரல் 2ஆம் தேதி, குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவி, 37 வயதில் செத்துப்போனார். கொஞ்ச காலத்தில் பிர்ச்சர் கம்பெனியும் திவாலானது.

தன் வேலையைச் சோதனை என்றும், இன்னும் முடியவில்லை என்றும் அவரே எழுதிவைத்திருந்தார். முடியாத வேலையை விட்டுவிட்டுக் குரு போய்விட்டால் சீடர்கள் சும்மா இருப்பார்களா? அந்த அச்சுத் திட்டுகளுக்கு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். நிழலைப் பற்றி அதிகம் பேசுகிறவன் மனசில் பதற்றம் இருக்கிறதாம். பதற்றப்பட வேண்டியது பெர்ன் நகர அச்சுக்கூடம், பழி வந்ததோ நோயாளிமேல்! நாலாவது அட்டையில் பெரிய பாதமும் சின்னத் தலையுமாக ஒரு முரட்டு உருவம், நாம் கீழே படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பதுபோல் இருக்கும். அதற்கு 'அப்பா அட்டை' என்று பெயர் வைத்தார்கள். ஏழாவது 'அம்மா அட்டை.' ரோர்ஷாக் இப்படி எதையும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் சம்பிரதாயம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் சாமுவேல் பெக்: கறாரான ஆள், எண்ணிக்கைதான் பேச்சு. இன்னொரு பக்கம் புரூனோ குளோப்பர்: பெர்லின் ரேடியோவில் குழந்தை வளர்ப்புக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர், ஹிட்லர் வந்ததும் தப்பித்து சூரிக் வழியாக நியூயார்க் வந்து சேர்ந்தவர். மாணவர்கள் கேட்டார்கள் என்று மாலை வகுப்பு எடுத்தார், 1936இல் பத்திரிகையே தொடங்கினார். குளோப்பர் புதுக் குறியீடுகளைச் சேர்க்கச் சேர்க்க, பெக்குக்கு ரத்தம் கொதித்தது. நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்று வடகலையும் தென்கலையும் கோர்ட்டுக்குப் போன கதைதான். இருவரும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். இதற்குள் வேறு மூன்று பேரும் தனித்தனி முறை வகுத்துவிட்டார்கள். ஐந்து முறைகளையும் ஒப்பிட்டு ஜான் எக்ஸ்னர் 1969இல் புத்தகம் எழுதினார். குழப்பத்துக்கு முடிவுகட்ட 1974இல் ஆறாவதாக ஒன்றை உருவாக்கினார்.

நடுவில் நியூரம்பர்க். 1945இல் நாஜித் தலைவர்கள் கூண்டில் இருந்தபோது டாக்டர் டக்ளஸ் கெல்லியும் உளவியலாளர் குஸ்தாவ் கில்பர்ட்டும் அட்டைப்பெட்டியோடு போனார்கள். கூடவே புத்திக்கூர்மைப் பரீட்சையும் வைத்தார்கள். கோரிங் 138 வாங்கிப் பூரித்தார். பிறகு ஷாக்ட் 143, சைஸ்-இன்குவார்ட் 141 என்று தெரிந்ததும் முகம் தொங்கிவிட்டது. கழுத்துக்குமேல் கயிறு தொங்கும்போதும் ரேங்க் கார்டுக் கவலை.

மைக்கறையில் அரக்கன் தெரிவான் என்று உலகமே எதிர்பார்த்தது. கெல்லி 'இவர்கள் சாதாரண ஆட்கள்தான்' என்றார். கில்பர்ட் 'இல்லவே இல்லை, மனம் கோணியவர்கள்' என்றார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே கைதிகளை. 1947இல் மோலி ஹாரோவர் என்ற உளவியலாளர் இந்தப் பதில்களைப் பத்து நிபுணர்களுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எழுபதுகளில் அவரே பெயர்களை மறைத்து, பாதிரியார்கள், மனநல நோயாளிகள் சொன்ன பதில்களோடு கலந்து கொடுத்துப் பார்த்தார். நாஜி யார், பாதிரி யார் என்று பிரிக்க முடியாமல் நிபுணர்கள் முழித்தார்கள்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. அமெரிக்க மனநலக் கையேட்டில் ஒருபால் ஈர்ப்பு 1973 வரை நோய். மைக்கறையில் அதைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று மருத்துவ உளவியலாளர்கள் பலர் நம்பினார்கள். 1969இல் லோரன், ஜீன் சாப்மன் தம்பதி, எந்தெந்தப் பதில்கள் அடையாளம் என்று அவர்களைக் கேட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் சொன்னவை கேட்கப் பொருத்தமாக இருந்தவையே தவிர, ஆய்வில் தேறியவை அல்ல. பிறகு தாறுமாறாக ஜோடி சேர்த்த பதில்களையும் ஆட்களையும் கல்லூரிப் பையன்களுக்குக் காட்டியபோது, அவர்களும் அதே அடையாளங்களைக் 'கண்டுபிடித்தார்கள்'. அந்த ஜோடிகளில் தொடர்பே வைக்கப்படவில்லை. பல வருஷ அனுபவத்தின் லட்சணம் அது. அந்த அனுபவத்தை நம்பி எத்தனை பேருக்கு நோயாளிப் பட்டம் கட்டியிருப்பார்கள்!

எக்ஸ்னர் முறைக்கும் சோதனை வந்தது. 1999இல் கலிஃபோர்னியா ரத்தவங்கி ஒன்றில் ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களை வைத்து இந்த முறையைப் பரிசோதித்தார்கள். ஆறில் ஒருவருக்கு ஸ்கிட்ஸோஃப்ரீனியா மாதிரி மதிப்பெண். ரத்தவங்கிக்காரர்கள் குரூப் மட்டும் பார்ப்பவர்கள், நல்லவேளை. அடுத்து, 'நார்மல் மனிதன்' எப்படி இருப்பான் என்று எக்ஸ்னர் வைத்திருந்த 700 பேர் பட்டியலில் 221 பேரை இரண்டு தடவை எண்ணியிருந்தது தெரியவந்தது. வாக்காளர் பட்டியலில்கூட இவ்வளவு தாராளம் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் ஹோவர்ட் கார்ப் என்ற உளவியலாளர், மைக்கறைக்குத் தற்காலிகத் தடை கேட்டார். 2013இல் உளவியலாளர் ஜோனி மிஹுராவும் சகாக்களும் எக்ஸ்னரின் 65 குறியீடுகளை ஆய்வுகளோடு ஒட்டிப் பார்த்தார்கள். சிந்தனை குலைவதையும், கண்ணெதிரே இருப்பதைத் திரித்துப் பார்ப்பதையும் பிடிக்கும் குறியீடுகள் நன்றாகவே தேறின. பலவற்றுக்கு ஆதாரம் சொற்பம், சிலவற்றுக்கு ஆராய்ச்சியே இல்லை. கார்ப்பும் கூட்டாளிகளும் 2015இல் 'சரி, நன்றாகத் தேறியவற்றுக்கு மட்டும் தடை வேண்டாம்' என்று இறங்கிவந்தார்கள். மீதிக்குச் சண்டை ஓயவில்லை. இரு தரப்பும் சாட்சிக்கு அழைப்பது, பெர்ன் பிரஸ்காரன் திட்டுத்திட்டாக அடித்துக்கொடுத்த அதே பத்து அட்டைகளைத்தான்.