எல்லாம் பெல்ஜியம்தான்

போன ஞாயிறு மல்லேஸ்வரத்திலிருந்து சித்தப்பா வந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. அலமாரியில் இருந்த ஆரஞ்சுப் பூச்சாடியை நகத்தால் சுண்டினார். 'டிங்' என்றது. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பெல்ஜியம்!" என்றார்.

அது செக் நாட்டுக் கண்ணாடி. எத்தனை பேரிடம்தான் சொல்வது!

காரைக்குடி வீட்டு நிலைக்கண்ணாடி பெல்ஜியம், சரி, இருக்கலாம். கல்யாண மண்டபத்துச் சரவிளக்கு பெல்ஜியம். சலூனில் ரசம் போய் நம் மூக்கை மட்டும் காட்டும் கண்ணாடி பெல்ஜியம். கோலி சோடா பாட்டில் பெல்ஜியம். பாட்டியின் ஊறுகாய் ஜாடி சுத்தமான பீங்கான், அதையும் ஒரு மாமி சுண்டிப் பார்த்துப் பெல்ஜியம் என்றாள். கீழ்வீட்டுக்காரர் புரை அறுவைக்குப் பின் கண்ணில் வைத்த லென்ஸையே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். சுண்ட முடியாததால் விட்டுவிட்டேன். அந்தக் குட்டி நாட்டுக்காரன் சாப்பிடாமல் தூங்காமல் நமக்காகவே ஊதிக்கொண்டிருந்தான் போலும்.

சிக்பேட்டை சண்டே பஜாரில் இந்தப் பூச்சாடியை விற்றவரும் "பெல்ஜியம் சார், ஆயிரத்தைந்நூறு" என்றார். வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். "இல்லைங்க, இது செக்" என்றேன். "செக்கெல்லாம் வேணாம் சார், கேஷாவே குடுங்க."

செக் கண்ணாடியைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு; சொல்லிவிடுகிறேன். முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் 'செக்கோஸ்லோவாகியா' என்று அமில முத்திரை இருந்தால் 1918-க்குப் பிந்தியது. அந்த நாடு பிறந்ததே அப்போதுதான். இந்தப் பழக்கத்தால் ஒரு நிச்சயதார்த்தத்தில் ரோஜாவும் தண்ணீரும் சம்பந்தி மடிக்குப் போய்ச் சேர்ந்தன.

இரண்டாவது, நிறம். 1920-30களில் கண்ணைக் குத்தும் ஆரஞ்சில் ஊதி, விளிம்பில் கறுப்புக் கண்ணாடியை இழையாகச் சுற்றினார்கள். சேகரிப்பவர்கள் 'டாங்கோ' என்பார்கள். யுரேனியம் கலந்த கண்ணாடி வேறு ரகம். நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சை அடித்தால் பச்சையாக ஒளிரும். டார்ச் வாங்கி, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வீடு முழுக்க அடித்தேன். சலவைத்தூள் புண்ணியத்தில் என் பனியன் மட்டும் ஒளிர்ந்தது.

மூன்றாவதற்கு வருவதற்குள் சித்தப்பா மறுபடி சுண்டிவிட்டார்.

இவர் முப்பது வருஷம் ஓட்டிய வண்டி ஜாவா. செக் நாட்டு வண்டி; 1961-லிருந்து மைசூரில் செய்தார்கள். உதைத்து ஸ்டார்ட் செய்த காலில் கிடந்த பாட்டா, 1894-ல் அதே நாட்டு ஸ்லீன் ஊரில் தொடங்கிய கம்பெனி. இடுப்புக்குக் கீழே முழுக்க செக்காக வாழ்ந்த மனுஷன், ஒரு பூச்சாடிக்கு மட்டும் பெல்ஜியம் போகிறார்!

பொறுக்காமல் ஜாடியைக் கவிழ்த்து அவர் மூக்கருகே நீட்டினேன். முத்திரை பாதி தேய்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"'ஸ்லோ'ன்னு போட்டிருக்கேப்பா. பொறுமையா செஞ்சிருக்கான், பெல்ஜியம்காரன்."