பூஜை அறையில் பிசாசு கூடாது

பிசாசுகளைச் சுட்டுத் தள்ளும் விளையாட்டைக் கையில் கொடுத்து, 'களத்தை உன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்' என்று சொன்னால் மனிதன் எதைக் கட்டுவான்? நரகக் கோட்டையையா? சொந்த வீட்டைத்தான் கட்டுவான். அது முடிந்ததும் ஆபீஸைக் கட்டி, மேனேஜர் அறையில் மட்டும் பிசாசுகளைக் கொஞ்சம் தாராளமாக விடுவான். 'டூம்' காலத்திலிருந்து உலகம் முழுக்க இதே கதைதான்.

1993 டிசம்பரில் வந்த விளையாட்டு அது. எழுதிய ஜான் கார்மாக் புண்ணியவான். விளையாட்டை ஓட்டும் நிரலைத் தனியாகவும், சுவர், கதவு, பிசாசு வகையறாக்களை 'வாட்' என்ற கோப்பில் தனியாகவும் வைத்துவிட்டார். கோப்பை மாற்றினால் களம் மாறும். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? சீக்கிரமே களம் கட்டும் எடிட்டர் எழுதிவிட்டார்கள். 1996-ல் ரசிகர்கள் கட்டிய களங்களையே 'ஃபைனல் டூம்' என்று டூம் கம்பெனியே பெட்டியில் போட்டு விற்றது. பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்டிரைக் ஆடியவர்களுக்கு 'டஸ்ட்' களத்தின் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. 1999-ல் அதைக் கட்டிய டேவ் ஜான்ஸ்டனும் ஒரு ரசிகர்தான்.

நான் கட்டியது எங்கள் கும்பகோணத்து வீட்டை. டூமில் ஓர் இடத்துக்கு ஒரு தரை, ஒரு கூரை, அவ்வளவுதான். தளத்துக்கு மேல் தளம் கிடையாது. ஆகவே பரண் போட முடியாது. மாடிப்படி கட்டலாம், ஆனால் அதன் அடியில் இன்வெர்ட்டரும் பழைய பேப்பரும் வைக்க இடம் வராது. முற்றம் மட்டும் அமர்க்களம்! கூரைக்கு வானம் என்ற படத்தைக் கொடுத்தால் போதும், திறந்துகொள்கிறது. நாயகனின் உயரம் 56 அலகு. 24 அலகு உயரப் படியைக்கூட மூச்சு வாங்காமல் ஏறுவான்; 25 என்றால் நின்றுவிடுவான். குதிக்கத் தெரியாது. திண்ணையை அதற்குத் தோதாகத் தாழ்த்த வேண்டியதாயிற்று.

எடிட்டரில் எல்லாம் மேலிருந்து பார்க்கும் கோட்டுப்படம். பின்னால் வந்து நின்ற அம்மா அதை வீட்டு பிளான் என்றே முடிவு கட்டிவிட்டார்.

"அடுப்படி ஏன்டா ஈசானி மூலையில இருக்கு?"

"இது கேம்மா."

"எதுவா இருந்தா என்ன? அக்னி மூலைக்கு மாத்து. அதென்ன, சாமி ரூம்ல சிவப்பா ஒரு புள்ளி?"

"பிசாசு."

"சாமி ரூம்லயா? எடு முதல்ல! மாமா வந்தா படுக்கற ரூம்ல வை."

வைத்தேன். அது 'டூம் 2'-இன் மான்குபஸ் என்ற குண்டுப் பிசாசு. அகலம் 96 அலகு. அறை வாசலோ 64. உள்ளே இருந்தபடியே நெருப்பைக் கக்குமே தவிர, வெளியே வராது. மாமாவும் அந்த அறையை விட்டு வராமல்தான் காபி கேட்பார்.

2016-ல் வந்த புதிய 'டூம்', 'ஸ்னாப்மேப்' என்று ஒன்றைக் கொடுத்தது. தயாராக இருக்கும் அறைகளை ஒட்டவைத்தால் களம் ரெடி. அபார்ட்மென்ட் வாங்குவது போல வசதிதான், ஆனால் கொல்லைப்புறத்தை நம் இஷ்டத்துக்கு இழுக்க முடியாதே! என் ஓட்டு பழைய எடிட்டருக்குத்தான்.

கட்டி முடித்ததும் சுட வேண்டும் என்று தோன்றவே இல்லை. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அம்மா, கிணற்றடியில் துவைக்கிற கல் எங்கே என்று கேட்டார்.

டூம் பில்டர் என்ற எடிட்டர் இலவசம். கைவசம் டூம் இல்லாதவர்களுக்கு ஃப்ரீடூம் இருக்கிறது, அதுவும் இலவசம். வீடு கட்டப்போகிறவர்கள் இன்ஜினியருக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் இதில் ஒரு முறை கட்டி, உள்ளே நடந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.