காயத்தை டாம்பன் அடைக்குமா?

கேள்வி: மாதவிடாய்க்கான டாம்பனை மூக்கில் இரத்தம் வடியும்போதும், ஆழமான காயத்திலும் செருகலாம் என்கிறார்களே, சரியா?

பதில்: டாம்பன் என்பது பஞ்சையோ ரேயான் இழையையோ உருளையாக இறுக்கிச் செய்யப்படும் உறிஞ்சி. அது இரத்தத்தை உறிஞ்சுமே தவிர நிறுத்தாது என்பதால், குத்துக்காயத்தில் செருகினால் உள்ளே தொடரும் இரத்தப்போக்கை மறைத்துவிடும் ஆபத்து உண்டு. சாதாரண டாம்பன் கொள்வது 6 முதல் 9 கிராம் வரைதான். பெரிய இரத்தநாளம் அறுந்தால் அதைப் போலப் பல மடங்கு சில நிமிடங்களில் வெளியேறிவிடும். கை, கால் காயங்களில் உயிர் காப்பது, சுத்தமான நீளத் துணியை உள்ளே நெருக்கித் திணித்து, அதன்மேல் விடாமல் கொடுக்கும் அழுத்தமே. மூக்கில் வடிந்தாலோ, முன்புறம் குனிந்து, மூக்கின் மென்பகுதியை 10 முதல் 15 நிமிடம் இறுகப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

உடலுக்கு வெளியே டாம்பனுக்கு அருமையான பயன் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மழைநீர் வடிகால்களில் டாம்பன்களை 3 நாள் தொங்கவிட்டனர். துணியைப் பளிச்சிடச் செய்யச் சலவைத்தூளில் சேர்க்கும் வேதிப்பொருளை உறிஞ்சிய பஞ்சு புறஊதா ஒளியில் ஒளிர்ந்ததால், வீட்டுக் கழிவுநீர் கலக்கும் இடங்கள் வெளிப்பட்டன. டாம்பனை வடிகால் சோதனைக்கு விட்டுவிடுங்கள். காயத்துக்குக் கையின் அழுத்தத்தைக் கொடுங்கள், மருத்துவ உதவி வரும்வரை அதை எடுக்காதீர்கள்.