கப்பல் அண்ணாச்சி

கப்பல் அண்ணாச்சி கப்பலில் வேலை பார்த்தவர் இல்லை. மின்வாரியத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கடலில் அவர் இருந்தது மொத்தம் ஐந்து ராத்திரி. அந்த ஐந்து ராத்திரியை வைத்துக்கொண்டு சேரன்மகாதேவியில் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, சப்-கலெக்டர் ஆபீஸ் வாசலில் கையெழுத்துக்கு நிற்கும்போது, ஸ்டேஷனில் செங்கோட்டை பாசஞ்சர் தாமதமாகும்போது, எங்கே நாலு பேர் சும்மா நிற்கிறார்களோ அங்கே வந்து நங்கூரம் பாய்ச்சிவிடுவார்.

இப்படி ஒருவர் இப்போது ஊருக்கு ஊர் முளைத்திருக்கிறார். கல்லிடைக்குறிச்சியில் ஒருவர் மத்தியதரைக் கடல் வரை போய்வந்திருக்கிறார். அந்தப் பேச்சு எடுத்தால் அண்ணாச்சி தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

முன்பும் இந்த ஆற்றங்கரை ஆட்கள் கடல் தாண்டியிருக்கிறார்கள். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பிழைக்கப் போனார்கள். 1926-ல் கட்டிய ரஜூலா கப்பலில், மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து, மலேயாவுக்குப் போனார்கள். ஊர் திரும்பினால் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். அண்ணாச்சி வாயைத் திறக்கிறார். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் எங்கேயோ போய்ச் சேர்வதற்காகக் கப்பல் ஏறினார்கள். அண்ணாச்சி கப்பலில் இருப்பதற்காகவே கப்பல் ஏறினார்.

அதற்கு வழி செய்தது கார்டெலியா கம்பெனியின் எம்பிரஸ் கப்பல். 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜூனில் 17 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய புது முனையம் திறந்து, இலங்கைக்கே கப்பல் விட்டார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. கப்பல் ஒன்றும் புதிதல்ல. 1990-ல் பிரான்ஸில் கட்டியது. நார்டிக் எம்பிரஸ், எம்பிரஸ் ஆஃப் தி சீஸ் என்று பேர் மாறி மாறி நம்மிடம் வந்து சேர்ந்தது. இந்த விவரம் எதையும் அண்ணாச்சியிடம் கேட்க வேண்டியதில்லை. அவரே சொல்வார்.

ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் அறுபதாம் கல்யாணத்துக்கு மகன் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டோடு மாட்டிக்கொண்டார்.

"வே, முதல்ல ஒண்ணு கேக்கேன். மெட்ராஸுக்கு எப்பம் போறீரு?"

"கப்பல் சாயங்காலம்தானே அண்ணாச்சி. அன்னைக்குக் காலைல நெல்லை எக்ஸ்பிரஸ்ல இறங்கினா..."

"கெட்டுது போம். விழுப்புரத்துல ரயில் நின்னா கப்பலும் நிக்குமா? முந்தின நாளே போயி ரூம் போட்டுப் படும்."

சொல்வது கேலிக்கு இடமாக இருந்தாலும் விஷயம் சரி. பயணிகளை ஏற்றுவதைக் கப்பல் கிளம்பும் நேரத்துக்கு வெகு முன்பே முடித்துவிடுவார்கள். குடியேற்றச் சோதனை, பெட்டிச் சோதனை எல்லாம் அதற்குள் ஆக வேண்டும். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். போஸ்ட்மாஸ்டரின் பாஸ்போர்ட்டில் நாலு மாதம்தான் இருந்தது. மறுநாளே திருநெல்வேலி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேரம் பதியச் சொல்லி மகனுக்குப் போன் போட்டார். அண்ணாச்சியால் ஊரில் ஒருவர் உண்மையாகவே பிழைத்தது அன்றைக்குத்தான்.

அடுத்து பெட்டி. துறைமுகத்தில் பெட்டியை வாங்கி, அறை எண் போட்ட அட்டையைக் கட்டி, உள்ளே அனுப்பிவிடுவார்கள். அது அறை வாசலுக்கு வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். ஆகவே மாத்திரை, மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்று உடுப்பு, பாஸ்போர்ட், பணம் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். இதை அண்ணாச்சி சாஸ்திரம் மாதிரி சொல்வார். அவருடைய பிரஷர் மாத்திரையும் எட்டு முழ வேட்டியும் பெட்டிக்குள் போய்விட்டன, பேன்ட்டோடு படுத்து முதல் ராத்திரி பாதி வரை புரண்டார் என்பது அவர் சொல்லும் கதையில் வராது. கூடப் போன அவர் மனைவி, எங்களுக்கு மதினி, சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

மதினி பங்குக்கும் ஒன்று நடந்தது. பெட்டியில் மின்சாரக் கெட்டில் வைத்திருந்தார். தீப்பிடிக்கும் என்பதால் இஸ்திரிப் பெட்டி, கெட்டில், எக்ஸ்டென்ஷன் வயர், மெழுகுவர்த்தி இவற்றைப் பொதுவாக எந்தக் கப்பலிலும் விடமாட்டார்கள். ஸ்கேனரில் மாட்டிய கெட்டில் கடைசி நாள்தான் கைக்கு வந்தது. வெளிச் சாப்பாட்டுக்கும் பல கப்பல்களில் தடை உண்டு. என்ன அனுமதி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கப்பலில் எடுத்த பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளிநாட்டில் இறங்கினால் அங்கே வேறு வம்பு.

ஆட்டம் பற்றிப் பேச ஆரம்பித்தால் அண்ணாச்சிக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை வாங்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு. உச்சித் தளமும் முன் மூக்கும் ஆகாது. குமட்டினால் அறைக்குள் போய்ப் போர்த்திப் படுக்காமல், வெளியே வந்து வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்க வேண்டும். இஞ்சி நல்லது. மாத்திரை போடுவதானால் டாக்டரிடம் கேட்டு, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். இலங்கையின் தென்கரைக் கடல் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும். அதே மாதங்களில் திருகோணமலைப் பக்கம் அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடா யாருக்கும் உத்தரவாதம் தராது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "போறதுக்கு முன்னால நம்ம அம்மைநாதர் கோயில்ல ஒரு அர்ச்சனை வச்சிரும்" என்பார். சேரன்மகாதேவி நவகைலாயத்தில் சந்திரனுக்கு உரிய தலம். கடல் ஏறுவதும் இறங்குவதும் சந்திரனால்தான் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, ஆகவே அலைக்கும் இங்கேயே மனுப் போடலாம் என்பது அவர் கட்சி. அலை எழுப்புவது காற்று என்று யாரோ ஒரு சயின்ஸ் வாத்தியார் சொல்லப்போய், அவர்கள் இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

அவர் அம்பாந்தோட்டைக்குப் போகும் வழியில் பகல் முழுவதும் படுக்கையிலேயே கிடந்தார். மதினி அதே நேரத்தில் மேலே ஹவுசி ஆடி ஜெயித்து, ஒரு தொப்பியும் பரிசு வாங்கிவிட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் அண்ணாச்சி விளையாட மாட்டார். கப்பல் ஏறியதும் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகை. ஏழு குட்டை ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் குறித்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். நிறையப் பேர் அதை விட்டு பஃபேக்கு ஓடுவார்கள். 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான் 1914-ல் லண்டனில் நாடுகள் கூடிக் கப்பல் பாதுகாப்புக்கு முதல் உடன்படிக்கை போட்டன. டைட்டானிக் மூழ்கி ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா இத்தாலியில் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறியவர்களில் பலருக்கு ஒத்திகை நடக்கவேயில்லை; மறுநாளைக்கு வைத்திருந்தார்கள். அதன் பிறகு சட்டத்தைத் திருத்தி, 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று ஆக்கினார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணாச்சியின் குரல் தணியும். மின்வாரியத்தில் இருந்தவர், பாதுகாப்பு என்றால் என்னவென்று தெரியும்.

பிறகு செலவு. "டிக்கெட்டுல எல்லாம் அடங்கும்" என்பதை நம்பிப் போன அண்ணாச்சிக்குக் கடைசி ராத்திரி அறைக் கதவின் அடியில் ஒரு பில் நுழைந்தது. கப்பலில் ரூபாய் நோட்டு ஓடாது; அறைச் சாவி அட்டையே பணப்பை. நீட்டினால் கணக்கு ஏறும். சாப்பாடு அடங்கும், குளிர்பானம் அடங்காமல் இருக்கலாம். போட்டோ அடங்காது, மசாஜ் நிச்சயம் அடங்காது. தினமும் ஒருதரம் கணக்கைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. போன் இன்னும் மோசம். கரையை விட்டதும் அது கப்பலின் சொந்த டவரைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கட்டணத்தில் ஒரு பேரனுக்கு வீடியோ காலில் டாட்டா காட்டினால் ஊரில் அவனுக்கு சைக்கிள் வாங்கும் பணம் போய்விடும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட வேண்டும்.

இலவசம் என்ற சொல்லுக்கும் கப்பலுக்கும் இந்தச் சீமையில் பழைய பகை உண்டு. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றது. "அண்ணைக்குக் குடை குடுத்தான், இண்ணைக்கு வெல்கம் டிரிங்க் குடுக்கான்" என்பார் அண்ணாச்சி. இது அவர் சொன்னதிலேயே தேறும் வாக்கியம். அதே தூத்துக்குடியிலிருந்து 2011-ல் ஸ்கோட்டியா பிரின்ஸ் கொழும்புக்கு ஓடத் தொடங்கி அந்த ஆண்டே நின்றுபோனது. கைக்கெட்டும் தூரத்தில் துறைமுகம் இருந்தும் கப்பல் ஏற மெட்ராஸுக்குப் போக வேண்டியிருக்கிறதே என்ற அவர் புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை.

கரையில் இறங்கினால் கடிகாரம்தான் கடவுள். கப்பல் ஏற்பாடு செய்யும் பேருந்தில் போனால், அது தாமதித்தாலும் பெரும்பாலும் காத்திருப்பார்கள். சொந்தமாக ஆட்டோ பிடித்துப் போனால் காத்திருக்க மாட்டார்கள். அம்பாந்தோட்டையில் இறங்கும் தமிழர்கள் கதிர்காமம் பக்கம்தானே என்று கிளம்பிவிடுவார்கள். போகும் நேரத்தை மட்டும் கணக்குப் போடக் கூடாது, வரும் நேரமும் கும்பலும் உண்டு. திருகோணமலையில் கோணேசர் கடலோரப் பாறை உச்சியில் இருக்கிறார். சம்பந்தர் பாடிய தலம், வெயிலுக்கு முன் ஏறிவிடுவது நல்லது. காங்கேசன்துறையில் இறங்கிப் போனால், நல்லூர் கந்தசாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். மூன்று பனியனும் ஒரு ஜிப் வைத்த ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு நின்றவரைத் தாம் பார்த்ததாக அண்ணாச்சி சொல்கிறார். மதினி அப்போது சிரித்ததை வைத்துப் பார்த்தால் அது யாரென்று ஊகிக்கலாம்.

இலங்கைக்கும் நமக்கும் ஒரே மணி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. எங்கே போனாலும் கப்பல் சொல்லும் மணியைத்தான் பின்பற்ற வேண்டும். போன் தானாகவே மாற்றிக்கொள்ளும் மணியை நம்பினால் துறைமுகச் சுவரில் நின்று கையாட்ட வேண்டியதுதான்.

சாப்பாட்டுப் பேச்சுக்கு வந்தால் அண்ணாச்சி சமூக சீர்திருத்தவாதி ஆகிவிடுவார். "கப்பல்ல ஒரே பந்தி வே. யாரு என்ன ஆளுன்னு ஒருத்தன் கேக்கல." சேரன்மகாதேவிக்காரர் சொன்னால் அதற்கு எடை அதிகம். வ.வே.சு. ஐயர் இங்கேதான் குருகுலம் நடத்தினார். ஐயரும் கடல் தாண்டியவரே. 1910-ல் லண்டனிலிருந்து போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். குறைந்த லக்கேஜில் பயணம் செய்வதற்கு அண்ணாச்சி அவரைத்தான் உதாரணம் காட்டுவார். அந்தக் குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போட்ட விவகாரத்தைப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கையில் எடுக்க, தமிழ்நாட்டுக் காங்கிரசே கலங்கியது. கப்பலில் அப்படி இல்லை என்பது உண்மைதான். ஆனால் பெரிய சூட் எடுத்தவருக்குப் பல கப்பல்களில் தனி லவுஞ்சும் தனி வரிசையும் உண்டு என்பதை அண்ணாச்சி கவனிக்கவில்லை. அவர் தங்கிய கீழ்த்தளத்திலிருந்து அது கண்ணில் பட்டிருக்காது. பஃபே கரண்டியை ஆயிரம் பேர் தொடுவார்கள், சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுக் கை கழுவு என்று அவர் சொல்வதை மட்டும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். நோரோ வைரஸ் கப்பலில் பரவுவது அப்படித்தான்.

போன மாதம் அண்ணாச்சிக்கு ஒரு சோதனை வந்தது. பத்தமடையில் இருக்கும் தங்கை மகன் மனைவியோடு சிங்கப்பூர் போய், அங்கிருந்து ஜென்டிங் டிரீம் கப்பலில் பினாங்கு சுற்றிவிட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்தான். ஒன்றரை லட்சம் டன் கப்பல். அண்ணாச்சி போனது ஐம்பதாயிரத்தைத் தொடாதது.

"எத்தனாம் தளத்துல ரூம் போட்டே?"

"பதிமூணு, மாமா."

"உச்சியிலயா! ஆட்டிப் படைச்சிருக்குமே."

"ஆடவே இல்ல மாமா. வச்ச டம்ளர் வச்ச இடத்துலயே இருந்துச்சு."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் வெற்றிலையைக் கிள்ளினார்.

"அது மலாக்கா ஜலசந்திலே. இந்தப் பக்கம் மலேசியா, அந்தப் பக்கம் சுமத்ரா. நம்ம கன்னடியன் கால்வாய் மாதிரி. அதுல என்னத்த ஆடும்? வங்காள விரிகுடாவுல போயிட்டு வந்து பேசு."

உள்ளேயிருந்து மதினி, அந்தக் கப்பலில் ஹவுசி உண்டா என்று கேட்டார்.